இடைவேளையில் கொடுத்த பால்கோவா

இராஜபாளையம்
13-2-1939, திங்கள் இரவு

அன்பு மகன் வில்சனுக்கு அம்மா எழுதுவது.

ஊரெல்லாம் படுத்த பிறகு இந்நேரத்தில் எழுதுகிறேனே என்று வருத்தப்படாதே, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், அரிக்கேன் விளக்கில் எண்ணெய் அடியில்தான் கிடக்கிறது, ஆனால் நாளைக் காலை மெயிலில் இது சென்னைக்கு ஏறியாக வேண்டும், ஏனென்று வாசித்துக்கொண்டு வரும்போது உனக்கே தெரியும். ஆண்டவர் கிருபையில் இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. தேவகிருபைக்குக் கன்னத்து வீக்கம் வற்றிவிட்டது, நேற்றிலிருந்து முறுக்கு கேட்டு அழுகிறாள், அப்படியென்றால் சுகமாகிவிட்டாள் என்றுதான் அர்த்தம். அப்பாவுக்கு ரயிலில் விழித்த கண் இன்னும் சிவப்பாக இருக்கிறது. உன் சுகந்தான் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. ஆட்டம் பார்க்க மதுரைக்குப் போய் உன்னை நேரில் பார்த்துவிட்டு வந்த மனிதரிடம், பிள்ளை இளைத்திருக்கிறானா, அந்த இருமல் விட்டதா, தலைக்கு எண்ணெய் வைக்கிறானா என்று வரிசையாகக் கேட்டேன். நல்லாத்தான் இருக்கான், வேற என்னத்தச் சொல்லச் சொல்லுத என்று சொல்லிவிட்டு அப்பா துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்கள். எட்டு மாதமாகப் பார்க்காத பிள்ளைக்கு இவ்வளவுதான் செய்தி.

உண்மையைச் சொல்கிறேன் வில்சன், சனிக்கிழமை காலையில் அப்பாவும் மில் ஆட்களும் மதுரையில் உங்கள் காலேஜ் ஃபுட்பால் டீம் ஆடுவதைப் பார்க்க ரயிலேறப் போனபோது எனக்கு வயிறு எரிந்தது. ஸ்பின்னிங்கில் மேஸ்திரியாக இருக்கிற குருசாமி, மில் கேட்டில் நிற்கிற டைம்கீப்பர் ஆவுடையப்பன், ஃபிட்டர் சோலைராஜ், இவர்களெல்லாம் உன்னைப் பார்க்கலாம், பெற்றவள் பார்க்க முடியாது, ஏனென்றால் அந்த வாரம் பார்த்துத்தான் உன் தங்கைக்குப் பொன்னுக்கு வீங்கி வர வேண்டும். அது போகட்டும் என்றால், உன் வார்டனின் சம்சாரம் மிஸஸ் ஞானரத்தினம் மதுரையில் தாய் வீடு இருக்கிறதென்று டீமோடு கூடவே வருகிறாள் என்று நீ எழுதியிருந்தாய். உன் கடிதத்தில் நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டு ஒரு வரி, அந்த அம்மாளைப் பற்றிப் பதினோரு வரி, எண்ணிப் பார்த்தேன். அவள் உன் காலுறையைத் தைத்துக் கொடுத்தது, ஆட்டத்தின் நடுவே இடைவேளையில் ஆரஞ்சுச் சுளை உரித்துத் தருவது, அவள் இல்லாவிட்டால் எங்கள் டீமே இல்லை என்று நீ எழுதியது, எல்லாம் மனப்பாடமாக இருக்கிறது. நான் உன்னைச் சுமக்கும்போது எனக்குப் பத்தொன்பது வயது, பாளையங்கோட்டையில் இண்டர்மீடியட் எழுதி முடித்து ஆறு மாதங்கூட ஆகவில்லை, பி.ஏ. படிக்கச் சென்னைக்குப் போக வேண்டியவள் உன்னை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை, ஆனால் அந்த ஆரஞ்சுக்கு வருத்தப்பட்டேன்.

அதனால்தான் வெள்ளிக்கிழமை தேவகிருபையைப் பக்கத்து வீட்டுச் செல்லத்தாயிடம் விட்டுவிட்டு, பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய், தேரடிப் பக்கம் அடுப்படியிலேயே நின்று, சட்டியிலிருந்து இறக்கின சூட்டோடு நாலு ராத்தல் பால்கோவா ஓலைக் கொட்டானில் கட்டி வாங்கிக்கொண்டு வந்தேன். அப்பாவிடம் கொடுத்தபோது ஒரு தடவைக்கு மூன்று தடவை சொல்லி அனுப்பினேன், ஆட்டம் முடிந்த பிறகு வேண்டாம், இடைவேளையில் அந்த அம்மாள் கூடையைத் திறக்குமுன் இதைத் திறந்துவிட வேண்டும், பதினோரு பேருக்கும் கொடுத்து, வில்சனுடைய அம்மா கொடுத்தனுப்பினது என்று வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும் என்று. அப்பாவின் சுபாவம் உனக்குத் தெரியும், வீட்டில் நூறு காரியம் சொன்னால் மறந்துவிடுவார்கள், இந்த ஒன்றை அட்சரம் பிசகாமல் செய்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

நேற்று ஆராதனை முடிந்து வந்து நான் உலை வைக்குமுன்னே மூன்று பேரும் நம் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ரயிலில் விடிய விடியப் பேசினது போதாதென்று இங்கே வந்தும் அதே பேச்சு. முதல் பாதியில் புயல் மாதிரி அடித்து இரண்டு கோல் போட்ட டீம், மறு பாதியில் நத்தை மாதிரி ஊர்ந்து மூன்று கோல் வாங்கித் தோற்றது எப்படி, அதுதான் வழக்கு. நான் அடுப்படிக் கதவோரம் நின்று கேட்டேன். குருசாமி மேஸ்திரி உன் கட்சி. ஃபிரேமுல வேகத்த ஏத்திக்கிட்டே போனா என்னாகும், நூல் அறும், அம்புட்டுத்தான், ரெண்டு கோல் கையில இருக்கு, பொறவு எதுக்கு ஓடிச் சாகணும், நடுவுல நின்னு வில்சன் தம்பி பந்தப் புடிச்சுப் புடிச்சு மெதுவா விட்டது மூளக்காரன் வேல என்று தொடையைத் தட்டினார். ஆவுடையப்பன் விடுவாரா. ஏலே, மூளக்காரன் மூணு கோல் வாங்குவானால, நான் கடியாரத்த வச்சுல்லா பாத்தேன், முதப் பாதியில நம்ம கோல்லருந்து அவன் கோலுக்குப் பந்து எட்டு எண்ணுமுன்ன போவுது, மறு பாதியில இருவத்தஞ்சு எண்ணியும் நடுவுலயே கெடந்து உருளுது, இப்படி வேலைக்கு வந்தா நான் கேட்டத் தொறக்கவே மாட்டேன் என்றார். கேட்டுல நின்னு கடியாரத்தப் பாக்குத ஆளுக்கு நூலப் பத்தி என்ன வே தெரியும் என்று மேஸ்திரி கேட்க, அறுந்த நூல எண்ணிப் பாத்தாத் தெரியும், மூணு என்று இவர் விரலைக் காட்ட, தேவகிருபை முழித்துக்கொண்டாள்.

அப்போது சோலைராஜ் சொன்னான், ரெண்டு பேரும் செத்த வாய மூடுங்க, ஆட்டத்துல எதப் பாத்தீகளோ இல்லையோ, எடவேளையில அக்கா குடுத்துவிட்ட பால்கோவாவுக்கு நடந்த ஆட்டத்தப் பாத்தீகளா, பயலுவ கொட்டான் ஓலையையும் சேத்து நக்கிட்டானுவ, அந்த வார்டனம்மா ஆரஞ்சுக் கூடைய இடுப்புல வச்சுக்கிட்டு நின்னது நின்னபடி நின்னாக, பாவம், சீந்த நாதியில்ல என்று. எனக்கு எப்படி இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. சோலைராஜுக்கு மட்டும் இன்னொரு தம்ளர் காப்பி, சர்க்கரை கூடப் போட்டுக் கொடுத்தேன். அந்த அம்மாள் கூடையோடு நின்ற கோலத்தை நினைத்து நினைத்து அடுப்படியில் தனியாகச் சிரித்தேன். சிரித்து முடிக்கவில்லை, ஆவுடையப்பன் விட்ட இடத்திலிருந்து பிடித்தார். மறு பாதி ஆரம்பிச்சு பத்து நிமிசங்கூட ஆகல, அந்த இடதோரத்துப் பையன் வயித்தப் புடிச்சுக்கிட்டு கோட்டு மேலயே உக்காந்துட்டான், இன்னொருத்தன் ஏப்பம் விடுததும் நடக்கதுமா இருந்தான், இதெல்லாம் தந்திரமா என்று கேட்டார். நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். பதினோரு பேருக்கு நாலு ராத்தல். வெயிலில் அரை ஆட்டம் ஓடி வந்த பிள்ளைகளுக்குச் சுண்டக் காய்ச்சின பாலும் சர்க்கரையும். பாட்மிண்டன் ஆடப் போகுமுன் ஒரு வாய் பாயசம் குடித்ததற்கு எங்கள் ஹாஸ்டல் மேட்ரன் என்னை ஒரு மணி நேரம் நிற்க வைத்தாள், அதெல்லாம் தெரிந்தவள் நான். ஆரஞ்சு எதற்குக் கொடுக்கிறார்கள் என்று தெரியாத மூடம் அல்ல, தெரிந்ததை ஒரு ஓரமாக வைத்துவிட்டுப் பொறாமையைக் கொட்டானில் கட்டி அனுப்பினேன்.

கூடத்தில் தீர்ப்பு வந்துவிட்டது. எந்தப் பக்கம் பாத்தாலும் ஆட்டத்த மெதுவாக்கினது நம்ம வில்சன், அதனாலதான் போச்சு என்றார் ஆவுடையப்பன், மேஸ்திரியும் கடைசியில் விட்டுக்கொடுத்தார், அப்பாவுங்கூடத் தலையை ஆட்டினார்கள். வெளியே வந்து, ஆட்டத்தைக் கெடுத்தது என் பிள்ளை அல்ல, நான், என்று சொல்ல வேண்டியவள் தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனேன். சொன்னால் ஏன் இடைவேளையிலேயே கொடுக்கச் சொன்னாய் என்று கேட்பார்கள், அதற்கு நான் என்ன பதில் சொல்வேன்.

இன்று ராத்திரி சாப்பாட்டு வேளையில்தான் அப்பாவிடம் மெல்லக் கேட்டேன், வில்சன் எவ்வளவு தின்றான் என்று. அவன் திங்கலயே, அவன் பங்கக் கைக்குட்டையில முடிஞ்சு பைக்குள்ள வச்சுக்கிட்டான், அந்தம்மாகிட்டப் போயி ரெண்டு சுளை வாங்கித் தின்னான், அவன் ஒருத்தன்தான் என்றார்கள். மைதானம் முழுக்க என் பால்கோவாவைத் தின்றிருக்கிறது, என் மகன் மட்டும் அவள் ஆரஞ்சைத் தின்றிருக்கிறான். நீ செய்ததுதான் சரி என்று படித்த புத்தி சொல்கிறது, ஆனாலும் அது முள்ளாகத்தான் குத்துகிறது. அதற்குப் பிறகு அப்பா சொன்னதைக் கேட்டபோது அந்த முள்ளும் மறந்துபோயிற்று. ஆட்டம் முடிந்து உங்கள் கேப்டன் மைக்கேல் எல்லார் முன்னிலையிலும், ஏன்டா பந்தைப் பிடித்துப் பிடித்து வைத்தாய் என்று உன்னைப் பார்த்துக் கத்தினானாம், நீ, மெதுவாக ஆடினால் இரண்டு கோலையும் காப்பாற்றலாம் என்று நினைத்தேன், தப்பு என்னுடையதுதான் என்று தலை குனிந்தாயாம். ஸ்டேஷனில் உங்கள் கேம்ஸ் மாஸ்டர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, கொழும்புக்குப் போகிற டீமின் பட்டியல் வெள்ளிக்கிழமை ஒட்டப்படும், உங்கள் மகன் பெயர் இருப்பது சந்தேகம் என்று சொன்னாராம். இவ்வளவையும் அப்பா இரண்டு நாளாக மனதில் வைத்துக்கொண்டு, நல்லாத்தான் இருக்கான் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

அய்யா, நீ மெதுவாக ஆடினது எதற்கென்று இந்த ஊரில் எனக்கு மட்டுந்தான் தெரியும். கூட ஆடுகிறவர்களால் ஓட முடியவில்லை என்று பார்த்து, ஓடக்கூடிய நீயும் அவர்களுக்காக வேகத்தைக் குறைத்திருக்கிறாய். காரணத்தைச் சொன்னால் அம்மா பெயர் அடிபடும் என்று பழியை உன் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டாய். கொழும்புக் கப்பலைப் பற்றி நீ ஆறாம் வகுப்பிலிருந்து பேசுகிறாய், அதை என் பால்கோவாவுக்காக விட்டுக்கொடுக்க உனக்கு அனுமதி இல்லை. இதோடு தனித் தாளில் உங்கள் கேம்ஸ் மாஸ்டருக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். எவ்வளவு பால்கோவா, எந்த நேரத்தில், யார் சொல்லி அனுப்பினது, நீ அதைத் தொடவில்லை என்பது, எல்லாம் ஒளிக்காமல் எழுதி என் பெயரைப் போட்டிருக்கிறேன். அதை வியாழக்கிழமைக்குள் நீயே அவர் கையில் கொடுக்க வேண்டும். அம்மாவுக்கு மானக்கேடு என்று கிழித்துப் போட்டாயானால் நான் உன்னோடு பேசமாட்டேன். கூடத்து நீதிபதிகள் மூவரும் நாளைச் சாயங்காலம் மறுபடி வருவார்கள், அவர்களுக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், சிரித்தால் சிரிக்கட்டும்.

ராத்திரியில் பனியில் நிற்காதே, இருமலுக்கு மிளகு போட்டுப் பால் குடி, ஆட்டத்துக்கு முன்னால் அல்ல. மிஸஸ் ஞானரத்தினத்துக்கு என் ஸ்தோத்திரம் சொல், கூடையோடு நிற்க வைத்ததற்கு நான் மன்னிப்புக் கேட்டதாகவும் சொல். இனிமேல் காலுறை கிழிந்தால் மட்டும் பார்சலில் எனக்கு அனுப்பு, எனக்கும் ஊசி பிடிக்கத் தெரியும். இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டாதே. கர்த்தர் உன் காலையும் கையையும் காத்து, போகிற இடமெல்லாம் உனக்குத் துணையாக இருப்பாராக. கைக்குட்டையில் முடிந்து வைத்ததை அப்புறமாவது நீ தின்றாயா, இல்லை அப்படியே துணியோடு துவைக்கப் போய்விட்டதா, அதை மறக்காமல் எழுது. மாஸ்டர் என்ன சொன்னார் என்பதையும் எழுது. சீக்கிரம் பதில் போடு.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அம்மா,
ஞானபாக்கியம் தேவஇரக்கம்