கத்தரி பிடித்த கை

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆக்குபேஷனல் தெரபி படிக்கப் போனபோது, "நோயாளிக்குப் பட்டன் போட்டுவிட ஒரு படிப்பா?" என்று கேட்டீர்கள். போட்டுவிடுவதில்லை அப்பா, அவர்களையே போட வைக்கிறோம்.

பக்கவாதத்தில் வலது கை விழுந்துபோன முடிதிருத்துபவர் ஒருவர் வந்தார். மாவு பிசைய வைத்தேன், காகிதம் வெட்ட வைத்தேன். இன்று என் பின்னலை அவிழ்த்துவிட்டு அவர் முன்னால் உட்கார்ந்தேன்.

"வேணாம்மா, கை நடுங்குது."

"முடிதானே, வளர்ந்துடும். வெட்டுங்க!"

வெட்டிவிட்டார்! அவர் மனைவி சிரித்துக்கொண்டே அழுதார். எட்டிப் பார்த்த தலைமை மருத்துவர், "அடுத்தது நான்" என்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கிருதா எவ்வளவு வைக்கட்டும் சார்?" என்றார் முடிதிருத்துபவர், பழைய கடைக்குரலில்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். இந்த முறையாவது கதவைத் திறங்கள். முடி ஒரு பக்கம் ஏறியிருக்கிறது. அதற்கு மட்டும் திட்டுங்கள்.

உங்கள் மகள்