புகை வருதா?

உன் பட்டறையிலிருந்து நேற்று அந்தச் சிவப்பு டின்னை எடுத்து வந்தேன். ஐந்து லிட்டர் பிடிக்குமே, அதுதான். இப்போது என் முன்னால் மேசைமேல் இருக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை. ஆனாலும் மூடியைத் திருகியதும் பெட்ரோலும் ஆயிலும் கலந்த அந்த வாசனை முகத்தில் அடித்தது. வயலுக்கு மருந்து அடிக்கும் மெஷின்களுக்காக நீ கடைசிவரை இதில்தானே கலந்து வைத்திருந்தாய். மூடியை மறுபடி திருகி மூடினேன். எனக்கு அறுபத்தாறு வயது என்பதும், முட்டி வலிப்பதும், நீ இல்லை என்பதும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நினைவுக்கு வந்தன.

எனக்கு எழுத வருகிறது. இது உனக்குத் தெரியாது. நீ படுக்கையில் விழுந்த சமயம், பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்குச் சாயங்கால வகுப்பு தொடங்கினார்கள். யாரிடமும் சொல்லாமல் போய்ச் சேர்ந்தேன். இப்போது பிஸ்கட் கவரைப் படிக்கிறேன், மின்கம்பத்தில் ஒட்டிய நோட்டீசைப் படிக்கிறேன், எதிர்வீட்டுக் கதவில் எழுதியிருக்கும் பேரைப் போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை படிக்கிறேன். ஒவ்வொரு தடவையும் உள்ளுக்குள் சிரிப்பு வருகிறது. 'ஞ' மட்டும் இன்னும் என் கைக்கு மடங்கவில்லை. மூன்று வரி எழுதினால் விரல் மரத்துப் போகிறது. பேனாவைக் கீழே வைத்து, கையை உதறிவிட்டு, மறுபடி எடுக்கிறேன். இந்தக் கடிதத்தை எத்தனை நாளில் முடிப்பேனோ தெரியாது.

உனக்கு ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. நாற்பது வருஷத்துக்கும் மேலாக வாயால் சொல்ல முடியவில்லை. எழுதியாவது உன் கையில் கொடுத்துவிடலாம் என்றுதான் வகுப்புக்கே போனேன். நான் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் நீ கிளம்பிவிட்டாய்.

வெட்டுக்கிளி என்று நாம் பேர் வைத்த அந்த வண்டி வந்த நாளிலிருந்தே எழுதுகிறேன். அப்போது நமக்கு இருபத்திரண்டு வயது. திண்டிவனம் ரோட்டில் நீ புதிதாகப் பட்டறை போட்டிருந்தாய், நான் உன்கூட இருந்தேன். பிரான்சு பட்டாளத்தில் இருந்து திரும்பிய பாண்டிச்சேரிக்காரர் ஒருவர் தன் மகனுக்காகக் கொண்டுவந்த வண்டி அது. மகன் வெளிநாட்டிலேயே தங்கிவிட, வண்டி கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் துருப்பிடித்துக் கிடந்தது. அவருடைய ஜீப்பை நீ சரி செய்து கொடுத்ததற்கு அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாய். பச்சை நிறம், உயரமான மட்கார்டு, பல்லுப் பல்லாக டயர். லைட் இல்லை, ஹாரன் இல்லை, நம்பர் இல்லை. மண்ணிலும் மேட்டிலும் தாவுவதற்கென்றே செய்த சின்ன டூ ஸ்ட்ரோக் வண்டி. நீ ஏறி உட்கார்ந்தபோது உன் முட்டி ஹேண்டில் பாரில் இடித்தது.

"இன்னாடா இது, ஆட்டுக்குட்டி மேல ஒட்டகம் ஏறுன மாதிரி இருக்குது" என்றேன்.

"ஒட்டகம் எப்டி பறக்குதுன்னு பாரு" என்று கிக்கரை உதைத்தாய்.

உதைத்து உதைத்து உன் கால் வீங்கியது. அது ஸ்டார்ட் ஆனபோது, கோட்டை மலை வரைக்கும் சத்தம் போய்த் திரும்பி வந்தது. ஊர் நாய்கள் எல்லாம் குரைத்தன. பட்டறை முழுக்க நீலப் புகை. கண் எரிய எரிய நீ கத்தினாய்: "புகை வருதா?"

"வருதுடா!"

"அப்ப உசுரோட இருக்குது!"

அந்த வண்டிக்குத் தனியாக ஆயில் ஊற்ற இடம் கிடையாது. பெட்ரோலிலேயே கலந்து ஊற்ற வேண்டும். ஆயில் போனால்தான் புகை வரும். வெறும் பெட்ரோலை ஊற்றினால் கொஞ்ச தூரம் ஜோராக ஓடும், பிறகு சூடேறிப் பிஸ்டன் உள்ளேயே பிடித்துக்கொள்ளும். ஓடுகிற ஓட்டத்தில் பின்சக்கரம் கல்லாக நின்றுவிடும். இதை எனக்கு நூறு தடவை சொல்லியிருப்பாய். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் திரும்பிப் பார்க்காமல் "புகை வருதா?" என்பாய். பின்னால் நின்று "வருது" என்று சொல்வது என் வேலை. நான் சொன்னால்தான் கியர் போடுவாய்.

கோடையில் ஏரி வற்றியதும் நமக்கு ராஜ்ஜியம்தான். பாளம் பாளமாக வெடித்த தரையில் வெட்டுக்கிளி தாவித் தாவிப் போகும். கருவேல முள்ளில் பஞ்சராகும். உட்கார்ந்து ஒட்டுவோம். பிளக்கில் கரி பிடிக்கும். நீ சட்டைப் பையிலிருந்து மாற்றுப் பிளக்கை எடுப்பாய், சூட்டில் கையைச் சுட்டுக்கொண்டு நான் பழையதைக் கழற்றுவேன். ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் கரைமேல் நின்று, "டேய், அந்தச் சனியன கொண்டுபோயி வேற ஏரில உடுங்கடா, ஆடு பால் குடுக்க மாட்டேங்குது" என்று கத்துவார். "அதுக்கும் ஆயில் ஊத்து நைனா!" என்று நீ கத்துவாய். அவர் கல்லெடுப்பார். நாம் பறப்போம்.

அந்த வருஷம் அவலூர்பேட்டைப் பக்கத்து ஏரியில் பந்தயம் வைத்தார்கள். பாண்டிச்சேரியிலிருந்து ஒரு கடைக்காரர் பார்க்க வந்திருந்தார். வெளியூர் மண் பந்தயங்களுக்குச் சொந்த வண்டி கொடுத்து ஆள் அனுப்புகிறவர். முந்தின வாரம் உன் ஓட்டத்தைப் பார்த்துவிட்டு, "இதுல முதலா வா, கோயமுத்தூருக்கு என் வண்டில உன்னைக் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து நீ சரியாகச் சாப்பிடவில்லை.

நம்மிடம் இரண்டு டின்கள் இருந்தன. ஒன்றில் வண்டிக்குக் கலந்தது, இன்னொன்றில் செயினும் கார்புரேட்டரும் கழுவுவதற்கு வெறும் பெட்ரோல். கலந்த டின் பக்கவாட்டில் நசுங்கியிருக்கும். அதை வைத்துத்தான் நான் கண்டுபிடிப்பேன். பந்தயத்துக்கு முந்தின நாள் அந்த நசுங்கிய டின் ஒழுகத் தொடங்கியது. நீ ஒரே மாதிரியான இரண்டு புது டின்களை வாங்கி, வெள்ளைப் பெயிண்டால் ஒவ்வொன்றிலும் என்னவோ எழுதினாய்.

"எழுதிட்டேன் பாரு, மாத்திடாத" என்றாய்.

"எனக்குத் தெரியாதா?" என்றேன்.

அஞ்சாவது வரைக்கும் படித்தேன் என்று உன்னிடம் சொல்லியிருந்தேன். நான் பள்ளிக்கூடத்துக்கே போனதில்லை. எழுத்து எனக்கு அப்போது எறும்பு வரிசை மாதிரிதான்.

ஏரியில் வரிசையாக வண்டிகள் நின்றன. நீ பெயர் கொடுக்கப் போயிருந்தாய். டேங்கில் ஊற்றச் சொன்னது என்னை. இரண்டு டின்களையும் முன்னால் வைத்துப் பார்த்தேன். முகர்ந்து பார்த்தேன். புதுப் பெயிண்ட் நாற்றமும், சுற்றி நின்ற வண்டிகளின் புகையும் சேர்ந்து ஒன்றும் பிடிபடவில்லை. பக்கத்தில் நின்றவனிடம் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாம். நீ தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாய், வெட்கமாக இருந்தது. ஒரு டின்னை எடுத்தேன். ஊற்றினேன்.

நீ வந்து ஏறினாய். உதைத்தாய். "புகை வருதா?" என்று கேட்டாய்.

சுற்றிலும் ஒரே புகை. அதில் நம் குழாயிலிருந்து வந்தது எது என்று நான் குனிந்து பார்க்கவில்லை. "வருது" என்றேன்.

முதல் சுற்றில் நீதான் முன்னால் வந்தாய். துண்டைச் சுழற்றிக் கத்தினேன். இரண்டாவது சுற்றில் நீ என்னைக் கடந்து போனபோதுதான் கண்ணில் பட்டது. உன் பின்னால் வந்த ஒவ்வொரு வண்டிக்கும் நீலமாக ஒரு வால் இருந்தது. வெட்டுக்கிளிக்கு இல்லை. "நிறுத்துடா! நிறுத்து!" என்று ஓடினேன். அந்தச் சத்தத்தில் யார் காதில் விழும்? மூன்றாவது சுற்றில், கரையோரத் திருப்பத்தில், பின்சக்கரம் அப்படியே நின்றது. நீ மட்டும் போய்க்கொண்டே இருந்தாய்.

வலது முட்டி தூள். கோயமுத்தூரில் நீ ஓட்டவே இல்லை.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் கேட்டாய்: "எந்த டின்ல இருந்துடா ஊத்துன?"

"நீ எழுதி வச்சதுல இருந்துதான்."

என்னையே பார்த்தாய். பிறகு கூரைப்பக்கம் திரும்பி, "அப்ப நான்தான் ஆயில் கலக்க மறந்துட்டேன். பந்தய நெனப்புல தலை எங்கயோ இருந்துச்சி" என்றாய். உன் அப்பாவிடமும் அதையே சொன்னாய். கேட்ட ஊர்க்காரர்களிடம் எல்லாம் அதையே சொன்னாய். நீ அதை நம்புகிறாய் என்று நினைத்தேன். உன்மேல் பழி போனதைப் பார்த்துக்கொண்டு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு உன் கால் மடங்கவில்லை. கிக்கர் உதைக்க உன்னால் ஆகாது. பட்டறைக்கு வந்த ஒவ்வொரு வண்டிக்கும் நான்தான் உதைத்தேன். வெட்டுக்கிளியைச் சரி செய்து ஒரே ஒரு தடவை ஏரிக்குக் கொண்டுபோனோம், ஞாபகம் இருக்கிறதா? என்னை ஓட்டச் சொல்லிவிட்டு, காலைக் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாய். அன்று நீயே திரும்பிக் குழாயைப் பார்த்துக்கொண்டாய். என்னிடம் கேட்கவில்லை. திரும்பி வந்து அதை விற்றுவிட்டாய்.

நேற்று உன் வீட்டுக்காரி ரோஸ்லின் ஆள் அனுப்பியிருந்தாள். "பட்டறைய காலி பண்றோம்ண்ணே. பழைய இரும்புக்காரன் நாளைக்கு வரான். உங்களுக்கு இன்னா வேணுமோ எடுத்துக்கிங்க" என்று சொல்லச் சொன்னாளாம்.

எனக்கு உண்மையில் ஆசையாக இருந்தது. முப்பது நாற்பது டப்பாக்கள் அலமாரியில் இருக்குமே, அவற்றில் நீ எழுதி வைத்திருப்பதை எல்லாம் உட்கார்ந்து படிக்கப் போகிறேன் என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போனேன். முதல் டப்பாவைப் பார்த்தேன். எழுத்து இல்லை. முன்பக்கத்தில் ஒரு நட்டைக் கம்பியால் கட்டியிருந்தாய். அடுத்ததில் ஒரு வாஷர். அடுத்ததில் ஒரு பிளக். ஸ்பேனர் மாட்டும் சுவரில் ஒவ்வொரு ஸ்பேனரின் உருவத்தையும் கோடு போட்டு வைத்திருந்தாய். நாற்பது வருஷமாக நான் கைவிட்டு எடுத்த டப்பாக்கள்தான். இதெல்லாம் உன் பழக்கம் என்று விட்டிருந்தேன். அலமாரி முழுக்கத் தேடினேன். அந்தப் பட்டறையில் ஒரு எழுத்துகூட இல்லை.

"இவனுக்கு எழுதறதே புடிக்காது போல" என்றேன்.

ரோஸ்லின் சிரித்தாள். "அவருக்கா? கோயில்ல எந்த நோட்டீசு எழுதணும்னாலும் சாமியாரு அவரத்தான் கூப்புடுவாரு. முத்து முத்தா இருக்கும் எழுத்து. நான்கூடக் கேட்டேண்ணே, டப்பால பேரு எழுதி வச்சா இன்னான்னு. 'அவன் கை வைக்கற எடத்துல எழுத்து வேணாம்'னு சொல்லிட்டாரு. யாருன்னு கேட்டா பேச்ச மாத்திட்டாரு."

அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். காலுக்கடியில் இந்த டின் இருந்தது. ஊன்றுகோலோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே இதற்கு நீ சிவப்புப் பெயிண்ட் அடித்தாய். "தூரத்துல இருந்தே தெரியணும்டா, அதான்" என்றாய். இப்போது அந்தச் சிவப்பு செதில் செதிலாக உரிந்து வருகிறது. கட்டைவிரல் நகத்தால் சுரண்டினேன். அடியில் வெள்ளை தெரிந்தது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். க. ல. ந். த. கடைசியில் ஒரு து. கலந்தது.

அன்று நான் ஊற்றியது மற்ற டின்னிலிருந்து.

உனக்குத் தெரிந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தாயே, அப்போதே தெரிந்துவிட்டது. நான் வெட்கப்படக் கூடாது என்று பழியை எடுத்துக்கொண்டாய். பேப்பரைச் சத்தம் போட்டுப் படித்தாய். என்னை ஊருக்கு அனுப்பும்போது எல்லாம், "பச்ச பஸ்சு, ரெண்டாவதா நிக்கும், அதுல ஏறு" என்றாய். ஒரு நாளும் போர்டைப் பார் என்று சொல்லவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் அன்றைக்கே அழுது முடித்திருப்பேன். இப்போது அதற்கும் தெம்பு இல்லை.

டின்னோடு, முதல் டப்பாவில் கட்டியிருந்த நட்டையும் கம்பியோடு அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டில் போர்டை நானே படித்தேன். படித்துவிட்டும் பச்சை பஸ் எங்கே நிற்கிறது என்று ஒருமுறை தேடினேன். இனிமேல் இது போகாது.

கல்லறைத் திருநாளுக்கு ரோஸ்லின் மெழுகுவத்தி ஏற்றும்போது, இந்தக் கடிதத்தை அங்கே வைக்கிறேன். இதை மட்டும் கடைசியில் பெரிதாக எழுதுகிறேன். அன்று ஏரியில், திரும்பிப் பார்க்காமல், என்னை நம்பி ஒன்று கேட்டாயே.

வரவில்லைடா. புகை வரவில்லை.