செம்பருத்திக் குச்சியில் ஏறிய எறும்பு

செவ்வாய்க்கிழமை, இரவு.

இன்று நடந்ததை ஒன்றும் மறைக்காமல் எழுதுகிறேன். பள்ளி வேலியில் ஒடித்து வந்த செம்பருத்திக் குச்சிகளைச் சோப்புத் தண்ணீரில் அலசி, பூச்சி இல்லையென்று தெரியும்வரை குளியலறை ஜன்னலில் தனியாக வைத்திருந்தேன். மாலையில் அவற்றைக் காணோம்.

"அம்புட்டு அழகாத் துளிர் விட்டிருக்கு. அதான் நாத்தோட வச்சுட்டேன்டி" என்றார் அம்மா.

அப்பா விற்பதற்காக வளர்க்கும் பப்பாளி நாற்றுகளோடு! நிழல்வலைக்குள் ஓடிப்போய்ப் பார்த்தேன். குச்சியில் எறும்புகள் ஏறிக்கொண்டிருந்தன. எறும்பு சும்மா ஏறாது. இலைக்கடியில் பஞ்சுபோல மாவுப்பூச்சி. அது கசியவிடும் இனிப்பு நீருக்காக எறும்பே அதைச் செடிக்குச் செடி தூக்கிப் போகும். குச்சிகளைப் பிடுங்கி எரித்துவிட்டேன். ஆனால் எறும்பு வரிசை பக்கத்து நாற்றுகளுக்கும் போயிருந்தது.

"அப்பாகிட்ட நானே சொல்லிக்கிறேன், நீ சும்மா இரு" என்றார் அம்மா.

சாப்பிடும்போது, "காலையில நாத்து ஏத்த நத்தத்துல இருந்து வண்டி வருது" என்றார் அப்பா. அம்மா அவர் தட்டில் குழம்பு ஊற்றினார்.

அவர்கள் அறையில் இன்னும் பேச்சே கேட்கவில்லை. இப்போது விளக்கையும் அணைத்துவிட்டார்கள்.