மடிக்கணினிக்குள் நாற்பது வித்வான்கள்

மே 3
இங்கே எழுதப்போவதை ஒருவரும் நம்பப்போவதில்லை என்று சகல மரியாதைகளுடன் உறுதியளிக்கிறேன். என் சாப்பாட்டு மேசையில் நாற்பது வித்வான்கள் குடியேறிவிட்டார்கள், எல்லாரும் மடிக்கணினிக்குள். காபிகூடக் கேட்பதில்லை.

காரணம் அக்கா மகள். அவள் இயக்கும் முதல் நாடகம் சனிக்கிழமை. வாசிக்க வேண்டிய குழு கையை விரித்துவிட்டது.

"மாமா, பெருமையெல்லாம் அப்புறம் அடிச்சுக்கலாம். இசை இருக்குமா, இருக்காதா?"

"இசையா? கடலே எழுந்து வந்து கேக்கும்!"

மே 4
கணினி இசைக்கான "மிடி" (MIDI) கோப்பில் மருந்துக்கும் சத்தம் கிடையாது. வெறும் உத்தரவு: இந்தக் கட்டையை அழுத்து, இவ்வளவு பலமாக, இப்போது விடு. சத்தம் இருப்பது வாத்தியக் கோப்பில். குழல், வயலின் என்று பதிந்து வைத்த ஒலித்துணுக்குகள், ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஓர் எண். மென்பொருள் கோப்பை ஏற்றிக்கொண்டு, நான் சொன்ன எண்ணின் துணுக்கை எடுத்து, ஸ்வரத்துக்குத் தக்கபடி உயர்த்தியோ தாழ்த்தியோ ஒலிக்கிறது. எண்ணைச் சொன்னால் வித்வான் எழுந்து நிற்கிறார்! எந்தச் சக்கரவர்த்திக்கு இருந்தது இந்த வசதி?

மே 5
"விடு" என்ற உத்தரவை அனுப்பாமல் கடைக்குப் போய்விட்டேன். ஆர்கன் ஒரே ஸ்வரத்தில் நிற்கிறது. எதிர்வீட்டுக்காரர் கப்பல் வந்துவிட்டதென்று வாசலுக்கு வந்துவிட்டார்.

மே 6
ஒத்திகை. அரங்கத்துக் கணினியில் வேறு மென்பொருள். எண்களை நானே மறுபடி தட்டினேன். கடைசிக் காட்சியில் மகனின் அழைப்புக்காகத் தாய் காத்திருக்கிறாள். தொலைபேசி மணி அடிக்க வேண்டும். வந்ததோ ஹெலிகாப்டர்! தாயாக நடிப்பவள் அண்ணாந்து கூரையைப் பார்த்தாள்.

"பையன் போன் பண்றானா, நேர்லயே இறங்கிட்டானா மாமா?" என்ற அக்கா மகளின் குரல் உடைந்தது. "நாளைக்கும் இப்படி ஆச்சுன்னா இந்த அரங்கத்துல எனக்கு இன்னொரு தேதி கிடைக்காது."

ஐயோ — என்ன பண்ணித் தொலைச்சேன்? தேடினேன். என் வீட்டு மென்பொருள் ஒன்றிலிருந்து எண்ணுகிறது, இது சைபரிலிருந்து. அங்கே 125 மணி, இங்கே 125 ஹெலிகாப்டர். எல்லா எண்ணிலும் ஒன்றைக் குறைத்தேன். மணி அடித்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

அவள் போனபின் ஒரு ரகசியப் பரிசும் சேர்த்தேன். திரை விழுந்ததும் கணினியே கைதட்டும். வீட்டுப் பட்டியலைப் பார்த்து 127 என்று தட்டினேன்.

மே 8
நேற்று மணி அடித்தது. தாய் எடுத்தாள். "கண்ணா?" என்றாள். திரை விழுந்தது.

டுமீல்!

அந்த ஓர் எண்ணில் மட்டும் ஒன்றைக் குறைக்க மறந்த மகாமேதை நான். அங்கே 127 கைத்தட்டல், இங்கே துப்பாக்கி. அரங்கமே மூச்சை நிறுத்தியது. என் உயிர் நாற்காலிக்கு அடியில் ஒளிந்தது. பிறகு ஒருவர் தட்டினார், பத்துப் பேர் தட்டினார்கள், கூரை பிய்த்துக்கொண்டு பக்கத்து ஊரில் விழுந்தது.

வெளியே ஒரு தம்பதி சண்டை. "சுட்டது பையன்தான்." "போங்க, பையனைத்தான் சுட்டுட்டாங்க."

அக்கா மகள் ஓடி வந்தாள். "அடுத்த வாரமும் தேதி குடுத்துட்டாங்க மாமா!"

"அந்த வெடி என் நெடுநாள் திட்டம்மா."

"பொய். உங்க மூஞ்சியைத்தான் பாத்துக்கிட்டிருந்தேனே. ஆனா அந்த டுமீல் அப்படியே இருக்கட்டும்."

வித்வான்கள் நாற்பது பேர் இல்லை. கூரையும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அந்தக் கைத்தட்டல் மட்டும் நிஜம். அதற்கு நான் எந்த உத்தரவும் அனுப்பவில்லை.