பாவாடையில் ஈயக்குண்டு

செவ்வாய், இரவு.

எல்லாம் நான் முன்பே சொன்னபடிதான் நடந்தது. ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுமுன் தங்கச்சி மகள் செல்வியை எடை பார்ப்பார்கள், இளைத்திருந்தால் மருந்தைத் தள்ளிப்போடுவார்கள் என்று கணித்தேன். அதனால்தான் வலையில் கட்டும் ஈயக்குண்டுகளை அவள் பாவாடை மடிப்பில் வைத்துத் தைத்தேன். எங்கள் தோணிரேவுக் குப்பத்தில் வேறு எவனுக்கு இந்த மூளை வரும்?

"மாமா, பாவாடை கனக்குது," என்றாள் எடை மேடையில் ஏறிய செல்வி. பெரிதாக இருமிச் சமாளித்தேன்.

"பரவாயில்லியே, எடை ஏறியிருக்கே!" என்றார் நர்ஸ்.

"எங்க ஏரி நண்டுன்னா சும்மாவா சிஸ்டர்?"

"நல்லதுங்க. எடையை வச்சுத்தான் மருந்து அளவே. நாளைக்கு ஏத்திடலாம்."

பஸ்ஸில் தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாண்ணா, அப்ப குண்டு எடைக்கும் சேத்து மருந்து ஜாஸ்தியா பூடுமா? புள்ள தாங்குமா?"

"அட, நீ டீ வாங்கப் போனப்பவே டாக்டராண்ட சொல்லிட்டேன். சிரிச்சிக்கினே அளவைக் கொறைச்சிட்டாரு."

அதை நம்பித்தான் இப்போது தூங்குகிறாள். செல்வி இரவுக் கஞ்சியையும் வாந்தி எடுத்துவிட்டாள். தையலைப் பிரித்துக் குண்டுகளை என் சட்டைப் பையில் போட்டிருக்கிறேன். நாளை ஊசிக்கு முன் அவற்றை டாக்டர் மேசையில் கொட்டியாக வேண்டும். சிரித்தார் என்றேனே, அந்த டாக்டரை இன்று நான் பார்க்கவேயில்லை.