வெள்ளிக்கிழமைப் படகு

ஜூன் 9, திங்கள். பெங்களூரு.

காலையிலிருந்து தூறல். கண் ஆஸ்பத்திரி. ஆபரேஷனில் இடது கண்ணுக்குள் விட்ட வாயுக் குமிழி முழுவதும் கரைந்துவிட்டதாம். அது இருக்கும்வரை விமானம் ஏறக் கூடாது என்று வைத்திருந்தார்கள். "ஆராமாகி ஹோகி பன்னி சார்" என்று, நிம்மதியாகப் போய் வரச் சொல்லி, டாக்டர் கன்னடத்தில் வாழ்த்தி அனுப்பினார்.

விழித்திரை ஒட்டிக்கொண்டது, சந்தோஷம். ஆனால் அந்தக் கண்ணால் மட்டும் பார்த்தால் ஜன்னல் கம்பிகள் நெளிகின்றன. போகப் போகச் சரியாகலாம், ஆகாமலும் இருக்கலாம் என்கிறார். வீட்டில் வசந்தாவிடம் சொல்லவில்லை. சொன்னால் ஐஸ்லாந்து பயணம் ரத்து. ஏரி ஏரியாக பைனாகுலரோடு அலைந்து ஆயுள் கழித்தவன் நான். பறவையும் திமிங்கிலமும் நெளிந்து தெரிந்தால் அங்கே போய் என்ன செய்வது? பயமாகத்தான் இருக்கிறது.

வாங்க: தெர்மல் பனியன், இஞ்சி மொரப்பா, சொட்டு மருந்து, வ.வுக்கு மங்கி குல்லா.

ஜூன் 18, புதன். ஐஸ்லாந்து, வடக்குக் கரை.

வந்து சேர்ந்தாயிற்று. குளிர், காற்று, துறைமுகம் முழுக்க மீன் வாடை. சூரியன் மறைவதே பெயருக்குத்தான். அறையில் அடுப்பு இருக்கிறது. வ. கொண்டுவந்த பொடியில் ரசம். உயிர் வந்தது.

திமிங்கிலப் படகு: வெள்ளி காலை பத்தரைக்குப் பதிவு செய்திருந்தேன். வ. கைப்பையிலிருந்து நாலைந்து காலண்டர் தாள்களை எடுத்தாள். வீட்டு தினசரிக் காலண்டரிலிருந்து முன்கூட்டியே கிழித்து வந்திருக்கிறாள்!

"ஏங்க, வெள்ளிக்கிழமை பத்தரைலேர்ந்து பன்னெண்டு ராகு காலம். மத்தியானப் படகுக்கு மாத்துங்க."

"இந்தக் குளிர்ல ராகு எங்க வசந்தா வெளிய வரப்போறான்?"

"கேலியெல்லாம் அப்புறம். மாத்துங்க."

மாற்றினேன். ஒரு மணிப் படகு.

ஜூன் 20, வெள்ளி.

மேகம். காற்று குறைவு. துறைமுகத்தில் நிற்கும்போதே காலைப் படகு திரும்பியது. இறங்கியவர்கள் முகமெல்லாம் பல். நாலு திமிங்கிலமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உன் ராகு நாலு திமிங்கிலத்த முழுங்கிட்டான், போ."

வ. குல்லாவை இழுத்து விட்டுக்கொண்டாள்.

ஆளுக்கொரு சிவப்புக் குளிர் அங்கி. அதற்குள் நடப்பதே பெரும்பாடு. ஃபுல்மர் பறவைகள் படகோடு கூடவே, சிறகை அசைக்காமல். பிறகு பஃபின் கூட்டம்! ஆரஞ்சு மூக்கு, சாவி கொடுத்த பொம்மை மாதிரி படபடவென்று. ஆர்க்டிக் ஆலாக்கள். எல்லாம் இரண்டு கண்ணாலும் பார்த்தது. இடது கண்ணைத் தனியாகச் சோதிக்கத் தைரியம் இல்லை.

அப்புறம் வெகுநேரம் வெறும் தண்ணீர். பக்கத்து பெஞ்சுக்காரர் வாந்தி. அவருக்கு வ. மொரப்பா கொடுத்தாள்.

திடீரென்று வழிகாட்டிப் பெண் கத்தினாள். வலப்பக்கம் ஒரு பெருமூச்சு, வெள்ளைப் புகையாக நீர். என்ன தோன்றியதோ, நல்ல கண்ணை மூடிவிட்டேன். இடது மட்டும். கறுப்பு முதுகு வளைந்தது, வளைந்துகொண்டே இருந்தது. வால் மேலே வந்தது, தண்ணீர் சொட்டச் சொட்ட. அமிழ்ந்தது. அதற்குப் பின்னால் கடலும் வானமும் சேரும் கோடு. நேராக! ஓரத்தில் மட்டும் துளி நெளிவு. அது இருந்துவிட்டுப் போகட்டும். அழுதுவிட்டேன்.

வ. கையைப் பிடித்தாள். "நேரா தெரியுதா?"

"எது?"

"கடல்தான். வீட்ல ஒரு கண்ண மூடிக்கிட்டு ஜன்னல் ஜன்னலா நின்னீங்களே, எனக்குத் தெரியாதா? அந்தக் கண்ணு மொதமொதல்ல பெரிசா ஒண்ணு பாக்கப் போகுது. அத ராகு காலத்துலயா ஆரம்பிப்பாங்க?"

"நேராத்தான் தெரியுது வசந்தா."

"அப்பாடா" என்றாள். பெஞ்சில் உட்கார்ந்து, மிச்ச மொரப்பாவைத் தானே தின்றாள். துறைமுகத்தில் அவளிடம் பேசிய பேச்சை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 21, சனி.

நல்ல வெயில். நன்றாகத் தூங்கினேன், எத்தனையோ நாளுக்குப் பிறகு. சொட்டு மருந்து போட்டாயிற்று. வ. குளிக்கிறாள்.

சும்மா இருக்காமல் ஒரு கணக்குப் போட்டேன். ராகு காலம் என்பது பகல் பொழுதை எட்டாகப் பிரித்ததில் ஒரு பங்கு. வெள்ளிக்கு நாலாவது. நம் ஊர்ப் பகலுக்கு அது ஒன்றரை மணி நேரம். இங்கே சூரியன் நடுராத்திரி தாண்டித்தான் இறங்குகிறது, கொஞ்ச நேரத்தில் மறுபடி ஏறிவிடுகிறது. ஒரு பங்கே கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். இந்த ஊர்க் கணக்குப்படி நேற்று ராகு காலம் ஒரு மணி தாண்டித்தான் முடிந்திருக்கிறது. எங்கள் படகு கிளம்பியது சரியாக அதற்குள்.

வ. தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள்.

"காலங்காத்தால என்ன எழுதறீங்க?"

"பஃபின் எத்தன பாத்தோம்னு."