பெரியவர் போட்ட ஓட்டு

என் அன்புக்குரியவருக்கு,

நான் நலம். உங்களுக்கு இருமல் குறைந்ததா? பாப்பா அடம் பிடிக்காமல் சாப்பிடுகிறாளா?

நேற்று இங்கே மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்கு மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. அது நிறைவேறினால் என்னைப்போல் வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் குடும்பத்துக்கும் காப்பீடு உண்டு. காப்பீடு இருந்தால்தான் உங்கள் இருவரையும் அழைத்துக்கொள்ள விடுவார்கள். நான் பார்த்துக்கொள்ளும் பெரியவரோ, "எவனோ வைத்தியம் பாத்துக்க என் பிரீமியம் ஏறணுமா?" என்று ஒரு மாதமாக என்னோடு மல்லுக்கட்டினார். எனக்கு ஓட்டு இல்லை. அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து வாக்குச்சாவடிக்குத் தள்ளிப்போனதும் நான்தான். சிரிக்காதீர்கள்.

வெளியே வந்தவர், "எதிர்த்துத்தான் போட்டேன். கோபமா?" என்றார்.

"உங்க ஓட்டு, உங்க இஷ்டம் ஐயா."

பாதி வழி வந்ததும், "உன் வீட்டுக்காரருக்கு அப்படி என்னம்மா நோய்?" என்று கேட்டார்.

"ஒரு நோயும் இல்ல ஐயா. அவர் கூட இருக்கணும், அவ்வளவுதான்."

சட்டம் தோற்றுவிட்டது. காலையில் செய்தி வந்ததும் ரேடியோவை அவரே அணைத்துவிட்டார்.

தலைவலிக்கு நீங்கள் தேய்க்கும் தைலம் ஒரு புட்டி அனுப்புங்கள். புதிது வாங்க வேண்டாம், நீங்கள் பாதி தீர்த்ததே போதும். பெரியவர் கூப்பிடுகிறார், ஓடுகிறேன்.

உங்கள் மனைவி